காலுக்குப் பாய்ந்தோம், பிடி கிடைக்கவில்லை, அடுத்து? மல்யுத்தம் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து எங்கள் பயிற்சிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். மேட் விரித்த ஒரு பழைய கூடம், நான்கு ஜன்னல், அவ்வளவுதான் வசதி. பல ஆண்டுகளாக அவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கணத்தைப் பற்றியவை. "மாஸ்டர், காலைப் பிடிக்கப் பாய்ந்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது என்றே தெரியவில்லை." அந்த "அப்புறம்" பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பாய்ச்சலைக் கற்றுத்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பாய்ச்சல் தவறிய பிறகு வரும் இரண்டு நொடிகளை யாரும் கற்றுத்தருவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

டேக்டவுன் தவறிவிட்டது என்று எப்போது சொல்வது?

நின்றுகொண்டிருக்கும் எதிராளியைக் கீழே கொண்டுவந்து, அவருக்குப் பின்பக்கம் போய், கட்டுப்பாட்டில் வைத்தால் அது டேக்டவுன். காலையும் பிடிக்க அனுமதி உள்ள ஃப்ரீஸ்டைல் பாணியில் அதற்கு 2 புள்ளி. அதற்காக இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கப் பாய்வது டபுள் லெக், ஒரு காலை மட்டும் பிடிப்பது சிங்கிள் லெக்.

தவறுவதிலும் வகை உண்டு. எதிராளி முன்கூட்டியே விலகிவிட, வெறும் காற்றைப் பிடித்து முழங்காலில் நிற்பது ஒன்று. கால் கைக்குக் கிடைத்தும், அவர் இடுப்பைப் பின்னால் எறிந்து தன் எடை முழுவதையும் உங்கள் முதுகில் இறக்குவது இன்னொன்று. இதைத்தான் ஸ்ப்ரால் என்கிறோம். உங்கள் தலையையும் ஒரு கையையும் சேர்த்து முன்பக்கமிருந்து பூட்டுவது மூன்றாவது. அந்த இடத்திலிருந்து அவர் உங்கள் பின்பக்கம் சுற்றிப் போய்விடுவது கடைசி. இவற்றைத் தனித்தனி ஆபத்துகளாகப் பார்க்காதீர்கள். முதலாவதில் தூங்கினால் இரண்டாவது வரும், இரண்டாவதில் தூங்கினால் மூன்றாவது வரும். மீள்வதற்கான வேலை இந்த வரிசையின் தொடக்கத்தில் எளிது, கடைசிக்குப் போகப்போகக் கடினம்.

தவறிய அந்த முதல் நொடியில் என்ன செய்ய வேண்டும்?

இடுப்பை உங்கள் கால்களுக்கு மேல் கொண்டுவாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

மழை நாளில் தேயிலைச் சரிவில் இறங்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் கொழுந்துச் சுமை, காலுக்கடியில் சேறு. கால் வழுக்கும்போது அவர்கள் கையை நீட்டிப் புதரைப் பிடிக்கத் தாவுவதில்லை. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பாதத்தை உடம்புக்குக் கீழே இழுத்துக்கொள்கிறார்கள். கையை நீட்டுகிறவர் உடம்பு நீண்டுவிடும். நீண்ட உடம்பை எடை இழுத்துப் போட்டுவிடும். மல்யுத்த மேட்டிலும் கணக்கு இதுதான். பாய்ந்தபோது நீண்ட உடம்பைத் தவறியவுடனே சுருக்க வேண்டும். முழங்கால்கள் இடுப்புக்குக் கீழே, முழங்கைகள் விலாவோடு, பார்வை நேராக.

இன்னொரு காரணமும் உண்டு, அது விதிப்புத்தகத்தில் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் வந்தவருக்கு டேக்டவுன் புள்ளி கிடைக்க, உங்கள் உடம்பின் மூன்று இடங்கள் தரையைத் தொட வேண்டும்: இரண்டு முழங்காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு முழங்காலும், தலை ஊன்றினால் அதுவும் ஒன்றாக எண்ணப்படும். பாய்ச்சல் தவறியவரின் இரண்டு முழங்கால்களும் பெரும்பாலும் ஏற்கெனவே தரையில்தான் இருக்கும். "கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு கையை ஊன்றினீர்களானால், தரை தொடும் மூன்றாவது இடத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் பின்னால் சுற்றி வருவதுதான். ஆகவே கைகளுக்கு அங்கே ஒரே வேலை: எதிராளியின் உடம்பில் இருப்பது. அவர் மணிக்கட்டில், அவர் முழங்கையில், அவர் காலில். தரையில் இருக்கவே கூடாது.

ஒரு முழங்காலையாவது உடனே எழுப்பிப் பாதத்தில் ஊன்றுங்கள். பாதம் தரையில் இருக்கும்வரை நீங்கள் எழ முடியும், திரும்ப முடியும், மறுபடியும் பாயவும் முடியும்.

தலையை எங்கே வைப்பது?

மேலே. நெற்றி மேட்டைப் பார்த்தால் முதுகு வளையும், வளைந்த முதுகில் எதிராளியின் மார்பு வசதியாகப் படுத்துக்கொள்ளும். சிங்கிள் லெக் கையில் இருந்தால் உங்கள் காது அவர் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், நெற்றியால் உள்பக்கம் அழுத்த வேண்டும். அவர் கை உங்கள் தலையைக் கீழே தள்ளப் பார்க்கும். அந்தக் கையோடு சண்டையிடுவதுதான் பாதி மல்யுத்தம்.

கையில் கிடைத்த காலை விட்டுவிடலாமா, விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு என் சொந்தக் கதையைச் சொல்லித்தான் பதில் தர முடியும். பள்ளி நாட்களில் சமவெளியில் நடந்த ஒரு மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தேன். டபுள் லெக்குக்குப் பாய்ந்தேன். எதிராளி ஸ்ப்ரால் செய்தார். ஒரு கால் மட்டும் கையில் மிஞ்சியது. அதை விட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்து, கைகளை முழுதாக நீட்டி, கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வயிற்றில் படுத்துவிட்டேன். உடும்புப் பிடிதான், ஆனால் சுவரில்லாத இடத்தில் உடும்புப் பிடி. அவர் அவசரமே படவில்லை. என் தோளில் இடுப்பை அழுத்தி, என் கைகள் சோரும்வரை காத்திருந்து, பின்னால் போய் 2 புள்ளி எடுத்தார். விசில் ஊதியபோதும் அந்தக் கணுக்கால் என் கையில்தான் இருந்தது.

அன்று எனக்குப் புரியாதது இன்று புரிகிறது. காலைப் பிடித்திருப்பது வேறு, காலைத் தன்வசம் வைத்திருப்பது வேறு. மார்போடு ஒட்டிய கால் உங்களுடையது. நீட்டிய கையின் நுனியில் இருக்கும் கால் அவருடையது. நீலகிரியில் தோடர்கள் தங்கள் குடியிருப்புகளான மந்துகளில் உருண்டைக் கல் தூக்குவார்கள். கல்லைத் தொடைக்கு ஏற்றி, மார்போடு அணைத்து, பிறகுதான் தோளுக்குக் கொண்டுபோவார்கள். கையை நீட்டிக்கொண்டு அந்தக் கல்லை யாராலும் அசைக்க முடியாது.

ஆக, நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழக்கம் இது. கால் முழங்காலுக்கு மேலே, உங்கள் மார்புக்கு அருகே இருந்தால் விடாதீர்கள். இழுத்து அணையுங்கள், அந்தக் கால் இருக்கும் பக்கமாகவே சுற்றி ஓடி அவர் பின்பக்கத்தைத் தேடுங்கள். கணுக்கால் மட்டும் எட்டிய கையில் இருந்தால், முழங்காலை உள்ளே கொண்டுவந்து அதை அணைக்க ஒரே ஒரு முயற்சி செய்யுங்கள். முடியவில்லையா, விட்டுவிட்டு எழுந்திருங்கள். மனசு கேட்காதுதான். இருந்தாலும் விடுங்கள்.

எதிராளி ஸ்ப்ரால் செய்து மேலே படுத்துவிட்டார். அந்த எடையிலிருந்து எப்படி வெளியே வருவது?

நேராக மேலே தள்ளாதீர்கள். 60 கிலோ ஆளின் எடை அவருடைய இடுப்பு வழியாக உங்கள் தோளில் இறங்கும்போது, நேராகத் தூக்குவது வீண் உழைப்பு. எடைக்கு ஒரு திசை உண்டு. அது பெரும்பாலும் உங்கள் ஒரு தோளில்தான் விழும். எடை இல்லாத பக்கம் நகருங்கள்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு மூன்று வழிகளைச் சொல்லித்தருகிறேன்.

பின்வாங்கி எழுவது முதல் வழி. அவர் எடை முழுதாக இறங்குவதற்கு முன், அவருடைய கையைப் பிடித்துக் கீழே அடக்கி, தலையைத் தூக்கி, ஒரு பாதத்தை ஊன்றிப் பக்கவாட்டில் வட்டமாக எழுவது. நேர்கோட்டில் பின்னால் போனால் அவர் தலையைப் பிடித்து இழுத்துவிடுவார், அதனால் வட்டம் அவசியம். எழுந்ததும் முகம் அவரை நோக்கி இருக்க வேண்டும்.

பிடியை மாற்றுவது இரண்டாவது. டபுள் லெக் உடைந்தால் சிங்கிள் லெக் இருக்கிறது. இரண்டு காலையும் பின்னால் எறிந்தவரின் ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு கைகளையும் அந்தக் காலுக்கு மாற்றி, தலையை அதன் உள்பக்கம் வைத்து, மேலே சொன்னபடி சுற்றி ஓடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது: மறுபாய்ச்சல். ஸ்ப்ரால் செய்தவர் அப்படியே படுத்திருக்க மாட்டார். எழுந்து நிலைக்குத் திரும்புவார். அப்படி எழும்போது அவர் இடுப்பு முன்னால் வரும், கால்கள் மறுபடியும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் வந்து நிற்கும், "தடுத்துவிட்டேன்" என்ற நிம்மதியில் கை ஒரு கணம் தளரும். அந்தக் கணத்தில் இரண்டாவது முறை பாய்ந்தால், முதல் பாய்ச்சலில் கிடைக்காத கால் கிடைக்கும். ஆனால் அதற்கு நீங்கள் முதல் பாய்ச்சலுக்குப் பிறகு பாதத்தை ஊன்றி, முதுகை நிமிர்த்தித் தயாராக இருந்திருக்க வேண்டும். வயிற்றில் படுத்திருப்பவருக்கு இந்தக் கதவு திறக்காது.

தலையையும் கையையும் சேர்த்து முன்னாலிருந்து பூட்டிவிட்டால்?

முதலில் தாடையை நெஞ்சோடு இறுக்குங்கள். பிறகு உங்கள் தாடைக்கடியில் வரும் அவருடைய கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுங்கள். முதுகை நிமிர்த்துங்கள். அவர் உங்களைச் சுற்றிப் பின்னால் ஓடப் பார்ப்பார்; அவர் எந்தப் பக்கம் ஓடுகிறாரோ அந்தப் பக்கமே உங்கள் தலையும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் எப்போதும் உங்கள் முகத்துக்கு எதிரில் இருக்கும்படி. கதவு கீலில் சுழல்வதுபோல் நீங்கள் முழங்காலில் சுழல வேண்டும்.

இந்தப் பூட்டில் ஒரு கை உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. கையைச் சேர்க்காமல் கழுத்தை மட்டும் முன்பக்கமிருந்து சுற்றி இறுக்குவதற்கு அனுமதி இல்லை. பயிற்சியில் யாராவது அப்படிச் செய்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அவர் எவ்வளவு மூத்த மாணவராக இருந்தாலும் சரி.

பூட்டிலிருந்து உருண்டு தப்பிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அனுபவமுள்ளவர் உருளட்டும். புதியவர் உருண்டால் முதுகு மேட்டைப் பார்த்துத் திரும்பும், எதிராளிக்கு இன்னும் 2 புள்ளி போகும், தோள்கள் இரண்டும் பட்டுவிட்டால் ஆட்டமே முடிந்துவிடும்.

பின்னால் போய்விட்டார், 2 புள்ளியும் போய்விட்டது. இனி என்ன?

இங்கேதான் பெரிய இழப்பு நடக்கிறது, ஏனென்றால் புள்ளி போனதும் பிள்ளைகள் மனத்தளவில் நின்றுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். டேக்டவுன் 2. அதன்பின் உங்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்தோ, கணுக்கால்களைப் பின்னியோ ஒருமுறை உருட்டினால் இன்னொரு 2. ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிகிறது. அதாவது தவறிய ஒரு பாய்ச்சலும் அதைத் தொடர்ந்து நான்கு உருட்டலும் சேர்ந்தால் அரை நிமிடத்துக்குள் வீட்டுக்குப் போகலாம். எங்கள் கூடத்துப் பிள்ளை ஒருவனுக்கு இது நடந்தது. அம்மா செய்துகொடுத்த எலுமிச்சைச் சாதத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவன் போட்டி முடிந்துவிட்டது.

ஆகவே புள்ளி போன மறுகணமே வயிற்றைத் தரையோடு ஒட்டுங்கள், இடுப்பைக் கீழே அழுத்துங்கள், முழங்காலில் எழுந்து நிற்காதீர்கள். இடுப்பைக் கட்ட வரும் கைகளை உங்கள் கைகளால் பிரியுங்கள். கணுக்காலுக்குப் போனால் இரண்டு காலையும் ஒன்றுக்கொன்று அண்டவிடாதீர்கள். ஒன்றை உதறி விடுவித்து முன்னால் தவழுங்கள். கொஞ்ச நேரம் உருட்ட முடியாமல் போனால் நடுவர் இருவரையும் எழுப்பி நிற்க வைத்துவிடுவார். இழப்பு 2 புள்ளியோடு நின்றுவிட்டால் அது சாதாரண ஆட்டம்தான். இன்னும் நேரம் இருக்கிறது.

ஏன் எனக்கு மட்டும் அடிக்கடி தவறுகிறது?

பெரும்பாலும் தூரம். கை நீட்டினால் எதிராளியின் தோளைத் தொட முடியாத தூரத்திலிருந்து பாய்ந்தால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் இடுப்பு பின்னால் போயிருக்கும். இரண்டாவது காரணம், முன்னறிவிப்பு: பாய்வதற்கு முன் கண் காலைப் பார்ப்பது, மூச்சை இழுத்துப் பிடிப்பது. மூன்றாவது, எதிராளியின் தலையையோ கையையோ அசைக்காமல் சும்மா பாய்வது. அவர் நிலை கலையாதபோது பாய்ந்தால் சுவரில் முட்டுவதுபோல்தான். முதல் பாய்ச்சல் சரியாக இருந்தால் மீள வேண்டிய தேவை பாதியாகக் குறையும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக் வீரருக்கும் பாய்ச்சல் தவறும்.

தவறிவிடும் என்று பயந்து பாயாமலே இருந்தால்?

அதற்கும் விலை உண்டு. செயலற்று நிற்பவரை நடுவர் முதலில் எச்சரிப்பார். அதன் பிறகும் அப்படியே இருந்தால் 30 விநாடி கெடு விழும். அந்த அரை நிமிடத்தில் யாரும் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. மேட்டின் விளிம்பில் பின்வாங்கிக்கொண்டே போய் வெளியே கால் வைத்தாலும் 1 புள்ளி போகும்.

பயத்துக்கு மருந்து பாய்ச்சலைப் பெரிதாக்குவது அல்ல. தவறினால் என்ன செய்வேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பயம் தானாகக் குறைகிறது. இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மண் கோதாவில் பழகியவன் நான். அங்கே கீழே இருந்தால் ஒன்றும் ஆகாதே?

உண்மை. மண்ணில் நடக்கும் குஸ்தியில் முதுகை மண்ணில் சாய்த்தால்தான் வெற்றி. புள்ளிக் கணக்கு கிடையாது. அதனால் பாய்ச்சல் தவறினால் நாலு காலில் குந்திக்கொண்டு மூச்சு வாங்குவது அங்கே புத்திசாலித்தனம். மேட்டில் அதே பழக்கம் 2 புள்ளியைத் தாரைவார்க்கும். உங்களிடம் இருக்கும் பிடிபலமும் கழுத்து உரமும் பெரிய சொத்து. அந்தக் குந்தும் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

இதை எப்படிப் பயிற்சி செய்வது?

தோல்வியிலிருந்து தொடங்குங்கள். வழக்கமான பயிற்சியில் ஒருவர் பாய்வார், மற்றவர் விழுவார், எழுந்து மறுபடி. அழகாக இருக்கும். அதில் யாருக்கும் எதுவும் தவறுவதில்லை, ஆகவே மீள்வதை யாரும் கற்பதில்லை. எங்கள் கூடத்தில் வாரத்தில் இரண்டு நாள், கடைசி 20 நிமிடம், ஆட்டமே ஸ்ப்ராலில்தான் தொடங்கும். ஒருவர் முழங்காலில், கையில் ஒரு கால். மற்றவர் மேலே, எடை முழுதும் இறக்கி. விசில் ஊதியதும் 15 விநாடி. கீழே இருப்பவருக்கு மூன்று வழியில் வெற்றி: எழுந்து முகம் பார்த்து நிற்பது, பிடியை மாற்றி டேக்டவுன் எடுப்பது, மறுபாய்ச்சலில் கால் பிடிப்பது. பிறகு இடம் மாற வேண்டும். ஆளுக்கு எட்டு முறை.

புதியவர்களுக்கு முதல் வாரம் எதிராளி பாதி எடையை மட்டும் இறக்கட்டும். முழு எடையில் தொடங்கினால் அவர்கள் கற்பது மூச்சுத் திணறலை மட்டும்தான்.

இன்னொன்று, பயிற்சியில் பாய்ச்சல் தவறியவுடன் சிரித்துவிட்டு எழுந்து "மறுபடி" என்று கேட்பது ஒரு கெட்ட வழக்கம். என் கூடத்தில் அதற்கு அனுமதி இல்லை. தவறிய இடத்திலிருந்தே தொடர வேண்டும். உடம்பு பயிற்சியில் எதைச் செய்ததோ அதையேதான் போட்டியிலும் செய்யும்.

மலையில் பயிற்சி செய்வதால் மூச்சு சீக்கிரம் வாங்குகிறதா?

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஆம். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு. உதகை 2,240 மீட்டர், அங்கே இன்னும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. எதிராளி முதுகில் படுத்திருக்கும்போது இது நன்றாகத் தெரியும். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ முகாமுக்கு வருபவர்கள் முதல் சில நாட்கள் மெதுவாகத் தொடங்க வேண்டும். ஸ்ப்ராலுக்குக் கீழே மூச்சை அடக்காதீர்கள். தள்ளும்போது வெளியே விடுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினை எதிர்த்திசையில் வருகிறது. மூச்சு தாங்கும், வெக்கை தாங்காது. மேட்டுப்பாளையத்தில் பஸ் இறங்கியதுமே முகம் வாடிவிடும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு, சோர்ந்த உடம்போடு அன்று மாலையே மேட்டில் ஏறுவது கொடுமை. முடிந்தால் இரண்டு நாள் முன்னதாகக் கீழே போய்விடுங்கள். முடியாதென்றால் முதல் நாளாவது போய், நிறையத் தண்ணீர் குடித்துத் தூங்குங்கள்.

குளிரும் மழையும்?

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் தசை இளக நேரம் பிடிக்கும். சமவெளியில் 10 நிமிடம் போதுமென்றால் இங்கே 20, 25 நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள், குறிப்பாகக் கழுத்து, இடுப்பு, தொடை இடுக்கு. குளிர்ந்த உடம்போடு ஸ்ப்ரால் செய்தால் தொடை இடுக்குத் தசை இழுத்துக்கொள்ளும்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஈரம் மேட்டுக்குள்ளேயே ஏறிவிடும். வழுக்கும் மேட்டில் பாய்ந்தால் ஊன்றிய பாதம் ஓடிவிடும், முழங்கால் திரும்பிவிடும். ஈரமான மேட் படர்தாமரைக்கும் நல்ல விளைநிலம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் கிருமிநாசினி போட்டுத் துடைத்துக் காயவைக்க வேண்டும், பயிற்சி உடையை அன்றன்றே துவைக்க வேண்டும். தோலில் வட்டமாகத் தடித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை மேட் பக்கம் வர வேண்டாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எந்தக் காயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது?

கழுத்து. தலை குனிந்து பாய்ந்து எதிராளியின் இடுப்பில் முட்டினால், கழுத்திலிருந்து கைவரை மின்சாரம் பாய்ந்ததுபோல் எரியும் அல்லது மரத்துப்போகும். அது அடங்கிவிட்டாலும் அன்று பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையிலும் வந்தாலோ, கை வலுவிழந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும்.

காது இன்னொன்று. சிங்கிள் லெக்கில் காது தொடையோடு உரசி உரசி உள்ளே இரத்தம் கட்டி வீங்கும். ஓரிரு நாளுக்குள் மருத்துவர் அதை வடித்துக் கட்டுப்போட்டால் காது பழைய வடிவத்துக்கு வரும். விட்டுவிட்டால் கெட்டியாகி அப்படியே நின்றுவிடும். அதைப் பயில்வானின் அடையாளம் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காதுக்கவசம் போட்டுப் பயிற்சி செய்யுங்கள். முழங்காலுக்கும் உறை போடுங்கள்.

என் மகளுக்கு வயது 13. பாய்கிறாள், தவறுகிறது, எழுந்ததும் அழுகிறாள். நிறுத்திவிடட்டுமா, மாஸ்டர்?

இதைக் கேட்டவர் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா. மாலையில் இலை எடை போட்டுவிட்டு நேரே கூடத்துக்கு வந்திருந்தார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நிறுத்த வேண்டாம் அம்மா. அழட்டும். அழுதுகொண்டே எழுந்து நிற்கிறாளா என்று மட்டும் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 58 கிலோ பிரிவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலத்துக்காக கிர்கிஸ்தானின் ஐசுலு டைனிபெகோவாவோடு மோதினார். முதல் பாதி முடிந்தபோது 0-5 என்று பின்தங்கியிருந்தார். முயன்றது எதுவும் பலிக்கவில்லை. இரண்டாம் பாதியில் காலுக்குப் போய்க்கொண்டே இருந்தார். கடைசி விநாடிகளில் எடுத்த புள்ளிகளால் ஆட்டம் 8-5 என்று முடிந்தது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான்.

உங்கள் மகள் ஒலிம்பிக் போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து புள்ளி போன பிறகும் ஒரு பெண் ஆறாவது முறை பாயலாம் என்று அவளுக்குத் தெரியட்டும். வீட்டில் "ஏன் தோற்றாய்?" என்று கேட்காதீர்கள். "தவறின பிறகு என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் சொல்ல ஏதாவது இருக்கும். முதல் நாட்களில் "ஒன்றும் செய்யவில்லை" என்பாள். பிறகு ஒருநாள் "காலை மாற்றிப் பிடித்தேன்" என்பாள்.

கிரேக்க-ரோமன் பாணிக்கு இவை பொருந்துமா?

கொஞ்சம்தான். அங்கே இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது, ஆகவே காலுக்குப் பாயும் பேச்சே இல்லை. தூக்கி எறியும் முயற்சி தவறினால் எப்படி விழுவது என்பதுதான் அங்கே கேள்வி. அது தனிப் பாடம்.

வீட்டில் தனியாக எதைப் பழகலாம்?

வாசலில் இடம் இருந்தால் போதும். முழங்காலில் இறங்கி, கையை ஊன்றாமல், ஒரு பாதத்தை வைத்து எழுங்கள். இரண்டு பக்கமும் பத்துப் பத்து முறை. எழும்போது நேராக வராமல் கால்வாசி வட்டம் சுற்றி எழுங்கள். பழகிய பிறகு தம்பியையோ அண்ணனையோ தோளில் கை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். வாசல் சரிவாக இருந்தால் இன்னும் நல்லது. நம் ஊரில் எந்த வாசல் சமமாக இருக்கிறது? மழை பெய்திருந்தால் மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாகக் கூடத்துக்கு வந்துவிடுங்கள், மேட் துடைக்க ஆள் தேவைப்படும்.